சனிக்கிழமை முதலாளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் கட்டுரைகளில் ‘நான் வேலை பார்த்த பம்ப் கம்பெனி முதலாளி’ என்று ஒருவர் இரண்டு மூன்று இடங்களில் வந்து போகிறார். அவரிடம்தான் உரைநடை கற்றுக்கொண்டேன் என்று ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். அதற்குமேல் ஒரு வரி இல்லை.

என் அப்பா கோவை கணபதியில் பட்டறை வைத்திருந்தார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், மூன்று ஆட்கள். கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பார். சென்ற மாசியில் தவறிவிட்டார். வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அவருடைய பழைய வரவு செலவு நோட்டுகள் கிடைத்தன. பெரும்பாலான கம்பெனிகளின் பெயருக்கு எதிரே ‘பாக்கி’, ‘பாக்கி’, ‘அடுத்த மாதம்’ என்று இருக்கிறது. ஒரே ஒரு பெயருக்கு எதிரே மட்டும் வாராவாரம் ‘சனி – வரவு’. வீட்டில் அப்பா அவரைச் ‘சனிக்கிழமை முதலாளி’ என்றுதான் சொல்வார். பெயரைச் சொல்லிக் கேட்டதே இல்லை. நோட்டிலும் இரண்டெழுத்துச் சுருக்கம்தான் இருக்கிறது. அதைக் கீழே தந்திருக்கிறேன். நீங்கள் எழுதியவர் இவர்தானா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறேன். என் நண்பர்கள் பணக்காரர்களைப் பற்றி இரண்டே விதமாகப் பேசுகிறார்கள். ஒன்று, கும்பிடுவார்கள். இல்லையென்றால் திருடன் என்பார்கள். ரப்பர் செருப்பு போட்ட கோடீஸ்வரர் படம் வாட்ஸப்பில் வந்தால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. அந்த எளிமை உண்மையா, அதுவும் ஒரு முதலீடா? அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அன்புடன்,
கே.
கோவை

*

அன்புள்ள கே.,

அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். அந்த நோட்டுகளைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிடாதீர்கள். கோவையின் தொழில் வரலாறு என்று ஒன்றை யாராவது ஒழுங்காக எழுதினால் அது இப்படிப்பட்ட நோட்டுகளிலிருந்துதான் எழுதப்பட வேண்டும்.

நீங்கள் அனுப்பிய இரண்டெழுத்தை இங்கே வெளியிடும்போது எடுத்துவிட்டேன். அவரேதான். பெயரை நானும் எழுதப்போவதில்லை. கம்பெனி காலண்டரில் தன் படத்தைப் போட அவர் கடைசிவரை விடவில்லை. அவருடைய பிள்ளைகள் இன்றும் அதே தொழிலில் இருக்கிறார்கள். நான் எழுதுவது நாளைக்கு ஒரு விளம்பரத்தாளில் மேற்கோளாக வந்துவிடக்கூடாது. அவருக்கு நான் செய்யக்கூடிய மரியாதை இது.

முதலில் செருப்பு விஷயம். எளிய பணக்காரர்களைப் பற்றிய கதைகளில் வழக்கமாக ஒரு காட்சி வரும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் முதலாளியை வாட்ச்மேன் என்று நினைத்துவிடுவான். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. பார்த்த முதல் நொடியிலேயே அவர்தான் முதலாளி என்று தெரிந்தது. வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வேட்டி. பெரிய வீடு இருந்தது, கார் இருந்தது. மகள் கல்யாணத்தை ஊரே பார்க்கும்படி செய்தார். ஏழையைப் போலத் தோற்றம் காட்ட அவர் ஒருநாளும் முயன்றதில்லை. அவரை நான் எளியவர் என்று சொல்வதற்குக் காரணம் வேறு. அவருக்கும் அவர் கையில் இருக்கும் பொருளுக்கும் நடுவே பணம் வந்து உட்காரவில்லை. அவருக்கும் எதிரே நிற்கும் ஆளுக்கும் நடுவேயும்தான்.

1991-ல், இருபத்திரண்டு வயதில், பீளமேட்டில் இருந்த அந்தக் கம்பெனியில் கடிதப் போக்குவரத்துக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் நாள் காலையில் அவரிடம் கையெழுத்து வாங்க ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு டெஸ்டிங் பகுதிக்குப் போனேன். அங்கே தரைக்குள் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. ஒவ்வொரு பம்ப்பையும் அதன்மேல் ஏற்றி ஓடவிட்டுப் பார்ப்பார்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீர் குழாய் வழியாகச் சுற்றி மறுபடி அந்தத் தொட்டியிலேயே விழும். அவர் ஓடிக்கொண்டிருந்த ஒரு மோட்டார் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றின் முனையைப் பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பேரிங்கின் சத்தம் இரும்பு வழியாகக் காதுக்கு வரும். டாக்டர் ஸ்டெத் வைப்பதைப் போலத்தான். ஃபிட்டர் பக்கத்தில் நின்றார். நானும் நின்றேன். ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். பிறகு ஸ்க்ரூடிரைவரை ஃபிட்டர் கையில் கொடுத்து, “நீங்களும் கேட்டுப் பாருங்க” என்றார். தான் என்ன கேட்டேன் என்று சொல்லவில்லை. ஃபிட்டர் கேட்டுவிட்டு, “லேசா அரைக்குதுங்க” என்றார். “எனக்கும் அப்படித்தானுங்க பட்டுது. கழட்டிருங்க.”

அந்த நேரத்தில் எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. தன் முடிவை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் ஃபிட்டர் அதற்கு ஆமாம் போட்டிருப்பார் என்பதும், அதனால்தான் அவர் வாயைத் திறக்கவில்லை என்பதும் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

இப்படிப்பட்ட ஆள் எங்கிருந்து வருகிறார் என்று கேட்டால், அந்த ஊரின் மண்ணையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். மழை குறைந்த நிலம். நொய்யல் சிறிய ஆறு. கிணறுதான் வெள்ளாமை. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தபோது மில்கள் பெருகின, கூடவே கிணற்று மேட்டுக்கு மோட்டாரும் வந்தது. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டாரை அங்கேயே செய்து காட்டினார்கள். பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர் சொத்தை ஐந்து பங்காக்கி ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு எழுதிவைத்தது 1926-ல். அந்தத் தர்மத்திலிருந்து வந்த பாலிடெக்னிக்குகளும் கல்லூரிகளும் ஊருக்கு ஃபிட்டர்களையும் என்ஜினியர்களையும் தந்தன. எங்கள் முதலாளி இந்த எல்லாவற்றுக்கும் அடுத்த தலைமுறை. சூலூர்ப் பக்கம் ஒரு விவசாயியின் இரண்டாவது மகன். மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த கிணற்றில் முதன்முதலாக மோட்டார் ஓடியதைப் பத்து வயதில் பார்த்தவர். அவருடைய அண்ணன் கடைசிவரை விவசாயியாகவே இருந்தார். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டண உயர்வை எதிர்த்து விவசாயிகள் கட்டைவண்டிகளைக் கொண்டுவந்து கோவையின் தெருக்களை நிறைத்தார்களே, அதில் அண்ணனின் வண்டியும் நின்றதாம். அப்போது பட்டறை வைத்து சில வருடங்களே ஆகியிருந்த இவர், அன்றைக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போய் அண்ணனின் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாராம்.

இதையும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தின் பேரில் கடன் வாங்கித்தான் அவர் முதல் லேத்தை வாங்கினார். அப்படிக் கடன் வாங்க அவருக்குத் தோட்டம் இருந்தது. நிலமில்லாத வீட்டில் பிறந்த ஒருவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்த முதல் லேத் அவனுக்கு அவ்வளவு எளிதில் கிடைத்திருக்காது. கோவைத் தொழிலதிபர்களின் உழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

என் வேலைக்கு வருகிறேன். நான் சேர்ந்ததற்கு முந்தைய வருடம்தான் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. மோட்டார் விற்பனை ஏறியது. புகார்க் கடிதங்களும் ஏறின. பெரும்பாலும் போஸ்ட் கார்டுகள். ‘மோட்டார் புகைந்துவிட்டது’, ‘காயில் போய்விட்டது’, ‘டீலர் பதில் சொல்லமாட்டேன் என்கிறார்’. தினமும் காலை பத்து மணிக்கு அவற்றை நான் அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். ஒன்றைக்கூட விடமாட்டார். பதிலை என்னையே எழுதச் சொல்வார். நான் ஆர்வத்தோடு, ‘தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றோம். தாங்கள் குறிப்பிட்டுள்ள பழுதானது உத்தரவாத வரம்பிற்கு உட்பட்டதா என்பது பரிசீலனையில் உள்ளது’ என்று எழுதிக்கொண்டு போனேன். படித்தார். கோபமில்லை.

“தம்பி, இந்தக் கார்டை அவரு மகன் படிச்சுக் காட்டுவான்னு வச்சுக்குங்க. ஆறாவது படிக்கற பையன். இதைக் கேட்டுட்டு அவரு நாளைக்குக் காலையில என்ன பண்ணுவாருங்க?”

எனக்குப் பதில் இல்லை. திரும்ப எழுதினேன். அதையும் திருப்பித் தந்தார். நாலாவது தடவை எழுதியது இப்படி இருந்தது: ‘உங்கள் மோட்டாரை வரும் புதன்கிழமை எங்கள் ஆள் வந்து பார்ப்பார். அதுவரை ஓட்ட வேண்டாம். செலவு உங்களுடையதல்ல.’ மூன்று வரி. கையெழுத்துப் போட்டார். அந்த வருடத்தில் மட்டும் ஆயிரத்துக்குமேல் கார்டு எழுதியிருப்பேன். இன்றைக்கும் ஒரு பத்தியை முடித்ததும், ஆறாவது படிக்கும் பையன் ஒருவன் அதைத் தன் அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக்காட்டுவதாக நினைத்துப் பார்க்கிறேன். உரைநடை கற்றேன் என்று நான் எழுதியது இதைத்தான்.

ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. எட்டு மாதத்தில் மூன்றாவது தடவையாகக் காயில் எரிந்துவிட்டது என்று. எங்கள் ஆட்கள் இரண்டு முறை போய்ப் பார்த்து, மோட்டாரில் குறையில்லை என்று எழுதிவிட்டார்கள். அவர் காரை எடுக்கச் சொன்னார். என்னையும் ஏறச் சொன்னார், குறிப்பெடுக்க.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். மும்முனை மின்சாரம் இரவு பதினொரு மணிக்குத்தான் வரும் என்றார் தோட்டக்காரர். சரி, இருக்கிறோம் என்று முதலாளி கிணற்று மேட்டில் துண்டை விரித்து உட்கார்ந்தார். தோட்டக்காரரின் மனைவி சோளச்சோறும் மோரும் கொடுத்தார். பேச்சு முழுக்க மாட்டைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும்தான். பதினொன்று அடித்துச் சற்று நேரத்தில் கரண்ட் வந்தது. இருட்டுக்குள் நாலாபக்கமும் மோட்டார்கள் ஒரே நேரத்தில் உறுமி எழுந்ததை நான் மறக்கவேயில்லை. எல்லாருமே ஆட்டோ ஸ்விட்ச்சைப் போட்டுவைத்துவிட்டுத் தூங்கப் போயிருப்பார்கள். 415 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 310-ஐக் காட்டியது. டிரான்ஸ்பார்மரிலிருந்து இழுத்த கம்பியின் கடைசிக் கம்பம் அந்தத் தோட்டக்காரருடையது. வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிகக் கரண்ட்டை இழுக்கும். ஏழரை ஆம்பியர் எடுக்க வேண்டிய அந்த 5 எச்.பி. மோட்டார் பத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது. கம்பி சுடும், சுற்றியிருக்கும் வார்னிஷ் கருகும், காயில் போகும்.

சட்டப்படி எங்கள்மேல் தப்பே இல்லை. உத்தரவாத அட்டையிலேயே ‘மின்னழுத்தக் குறைவால் ஏற்படும் பழுதுக்குக் கம்பெனி பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருக்கிறது. மின்வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுப் போகலாம். திரும்பி வரும்போது பழனி ரோட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். நான் அந்த அட்டையைப் பற்றிச் சொன்னேன். “அட்டை நாம அச்சடிச்சதுதானுங்க தம்பி” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆறு மாதம் அவரும் இரண்டு என்ஜினியர்களும் அந்த மோட்டாரைத் திரும்ப வடிவமைத்தார்கள். கம்பியைத் தடியாக்கி, உள்ளே அடுக்கும் இரும்புத் தகடுகளான ஸ்டாம்பிங்கை நீளமாக்கி, குறைந்த வோல்டேஜிலும் சூடாகாமல் ஓடுகிறபடி. செம்பு கூடியது, விலை கூடியது. பங்குதாரரான மச்சினர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பக்கத்துக் கம்பெனி விலையைக் குறைத்து விற்கும்போது நாம் ஏற்றினால் டீலர் நம் மோட்டாரைப் பின்னால் தள்ளி வைப்பான். அப்படியே ஆனது. முதல் வருடம் விற்பனை விழுந்தது. இரண்டாவது வருடத்திலிருந்து காயில் கட்டும் கடைக்காரர்களே, ‘அந்த மோட்டார் எங்ககிட்ட வர்றதில்ல’ என்று சொல்லத் தொடங்கினார்கள். அதைவிடப் பெரிய விளம்பரம் அந்தத் தொழிலில் கிடையாது. ஆனால் அது இப்படி முடியும் என்று தெரிந்து அவர் செய்யவில்லை என்பதற்கு நானே சாட்சி. அந்த முதல் வருடத்தில் அவருடைய முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது சனிக்கிழமை. உங்கள் அப்பாவுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஆனாலும் வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பம்ப்பின் எல்லா உறுப்பையும் ஒரே கம்பெனி செய்வதில்லை. வார்ப்படம் ஒரு ஃபவுண்டரியில், ஷாஃப்ட் கடைவது ஒரு லேத்தில், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் இன்னொரு இடத்தில். கணபதியிலும் சிட்கோவிலும் ஆவாரம்பாளையத்திலும் சந்துக்குச் சந்து இருக்கும் பட்டறைகள் அவற்றைச் செய்து தருகின்றன. சாமான் இன்றைக்குப் போகும், காசு மூன்று மாதம் கழித்து வரும். சில இடங்களில் ஆறு மாதம். ஆனால் பட்டறைக்காரர் தன் ஆட்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கூலி கொடுத்தே ஆக வேண்டும். நடுவில் இருக்கும் இந்த மூன்று மாதத்தைக் கந்துவட்டிக்காரர் நிரப்புவார். சின்னப் பட்டறைகள் மூடிப்போன கதைகளைத் தோண்டினால் பாதிக்குமேல் இந்த மூன்று மாதத்தில்தான் போய் நிற்கும்.

எங்கள் கம்பெனியில் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அந்த வாரத்துக் கணக்கு தீர்ந்தாக வேண்டும். காசாளருக்கு உதவியாக நானும் உட்காருவேன். ஒருதடவை வங்கியில் ஏதோ சிக்கல், பணம் வரத் திங்கட்கிழமை ஆகும் என்றார்கள். காசாளர் எல்லாரிடமும் சொல்லி அனுப்பிவிட்டார். விஷயம் தெரிந்ததும் முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருநாள்தான். “திங்கக்கெழம நமக்கு. அவங்க இன்னிக்கு சாயந்தரம் கூலி குடுக்கோணுமல்லொ?” வீட்டிலிருந்தும் ஒரு நகைக்கடை நண்பரிடமிருந்தும் பணம் புரட்டி, மூன்று சைக்கிளில் ஆள் அனுப்பி, பட்டறை பட்டறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு சைக்கிள் என்னுடையது.

இதைத் தானம் என்று அவர் நினைக்கவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிற நாளில் கொடுத்தார், அவ்வளவுதான். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறவர்களை எனக்கும் தெரியும். அதில் சிலரிடம் உங்கள் அப்பாவைப் போன்றவர்களுக்குப் பாக்கி இருக்கும். கல்வெட்டில் பெயர் போடுகிற தொகை பெரும்பாலும் யாரோ ஒரு பட்டறைக்காரரின் மூன்று மாதம் என்று எனக்குத் தோன்றும். கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். ஆனால் அந்தச் சைக்கிளை மிதித்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

அந்தப் பட்டறைகளில் பலவற்றை ஆரம்பித்தவர்கள் அவரிடம் வேலை பார்த்தவர்களே. பத்து வருடம் வேலை செய்த டர்னர், தனியாகப் போகிறேன் என்று வந்து நின்றால், பழைய லேத் ஒன்றைத் தவணைக்குக் கொடுத்து ஆர்டரும் கொடுப்பார். கோவையில் இது அவர் ஒருவரிடம் மட்டும் இருந்த பழக்கமல்ல. அந்த ஊர் வளர்ந்ததே இப்படித்தான். உங்கள் அப்பாவின் முதல் லேத் எங்கிருந்து வந்தது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

குறையே இல்லாதவர் என்று எழுதினால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள், சரியாகவே. ஃபவுண்டரியில் கோர் செய்கிற வேலை பெண்களுடையது. வார்ப்படத்துக்குள் வெற்றிடம் விழ வேண்டிய இடத்தில் வைக்கிற மண் அச்சு அது. விரல் நுனியில் நடக்கும் வேலை, ஒரு ஓரம் உதிர்ந்தாலும் வார்ப்படம் வீண். அதே ஃபவுண்டரியில் மண் அள்ளிப் போடுகிற ஆணுக்கு அவர்களைவிடக் கூலி அதிகம். ஒருநாள் துணிந்து அவரிடம் கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. “ஊர்ல அப்படித்தான் இருக்குதுங்க” என்றார். ஊரில் எல்லாரும் மூன்று மாதம் கழித்துத்தான் பணம் கொடுக்கிறார்கள், அதை அவர் ஏற்கவில்லை. இதை ஏற்றுக்கொண்டார். நான் அங்கிருந்த வரையில் அது மாறவில்லை. அவரை எவ்வளவு நினைத்தாலும் அந்தப் பெண்களின் மண் படிந்த விரல்களும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகின்றன.

1994-ல் வேலையை விட்டேன். அதற்குமுன் என் முதல் சிறுகதை ஒரு சிறுபத்திரிகையில் வந்திருந்தது. தயங்கித் தயங்கி அவரிடம் கொடுத்தேன். கதை படிக்கிற பழக்கம் உள்ளவரல்ல. ஆனால் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். பத்திரிகையை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார்.

“நல்லா இருக்குதுங்க தம்பி. ஒரு சந்தேகம். இந்தக் கெணத்துல தண்ணி எத்தன அடியிலீங்க?”

கதையில் ஒரு பெண் கிணற்றடியில் நின்று, கணவனிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு குடம் இறைத்துக்கொண்டு போய்விடுவாள். வறட்சிக் காலம், தண்ணீர் பாதாளத்தில் கிடந்தது என்று முந்தைய பக்கத்தில் நானே எழுதியிருந்தேன். “பாதாளத்துல இருக்கற தண்ணிக்கு ஒரு கொடம் எறைக்கறதுக்குள்ள அந்தப் புள்ளைக்குக் கை கழண்டு போயிருமுங்களே” என்றார். அவள் கை வலித்திருக்குமே என்பதுதான் அவருடைய வருத்தம். கதையில் இல்லாத அந்த வலியை அவர் பார்த்தார். நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு கதையிலும் கயிற்றின் நீளம் தெரியாமல் யாரையும் நான் தண்ணீர் இறைக்க விட்டதில்லை.

பிரிந்த பிறகும் வருடத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்ப்பேன். கடைசியில் ஒருமுறை போனபோது அவர் கம்பெனியைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு ஊரிலேயே இருந்தார். 2016-ல் மழை பொய்த்ததே, அதற்கு அடுத்த கோடை. அவருடைய அப்பா வெட்டிய கிணற்றைக் காட்டினார். கருங்கல் படிகள் கீழே கீழே போய் வெறும் பாறையில் முடிந்தன. பக்கச்சுவரில் பழைய மோட்டார் மேடைகள் மூன்று, ஒன்றுக்குக்கீழ் ஒன்றாக. மேலே வைத்து உறிஞ்சுகிற பம்ப் இருபத்தைந்து அடிக்குமேல் தண்ணீரை இழுக்காது. காற்றின் அழுத்தம் அதற்குமேல் தூக்கித் தராது. தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் கீழே இறக்கினார்கள், மேடை மேடையாக. பிறகு அதுவும் போதாமல் போர்வெல், சப்மெர்சிபிள். கொங்குநாட்டில் ஆயிரம் அடியைத் தாண்டிய போர்கள் இன்று சாதாரணம்.

“ஒவ்வொரு மேடைக்கும் நாந்தான் மோட்டார் செஞ்சு குடுத்தனுங்க” என்றார். “ஆழமாப் போகப் போக நம்ம யாவாரமும் பெருசாச்சு. அப்ப அதை வளர்ச்சின்னு நெனச்சேன்.”

ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இலவச மின்சாரம், தொடர்ந்து பொய்த்த மழை, கரும்பும் வாழையும் என்று காரணங்கள் எத்தனையோ உண்டு என்று. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தக் கணக்கில் தன் பங்கை யாரும் கழிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்த வருடம் ஊர்க் குளத்தைத் தூர்வாரும் வேலையைத் தொடங்கியிருந்தார். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு, மண் அள்ளும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குளம் நிரம்பியதை அவர் பார்க்கவில்லை.

அடுத்த ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு இறந்தார். செய்தி தெரிந்து நான் விடிகாலை பஸ்ஸில் போய் இறங்கும்போது வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பழைய காசாளரை, அப்போது எழுபது வயதைத் தாண்டியவரை, எங்கும் காணோம். கம்பெனிக்குப் போயிருக்கிறார் என்றார்கள். பத்து மணிக்கு மேல் வந்தார். அழுது கண் சிவந்திருந்தது. மூத்த மகளிடம் போய்ச் சாவியைக் கொடுத்து, “எல்லாத்துக்கும் குடுத்தாச்சுங்க அம்மிணி” என்றார். அந்த அம்மாள் தலையை மட்டும் அசைத்தார். பிறகுதான் பட்டறைக்காரர்கள் ஒவ்வொருவராக மாலையோடு வர ஆரம்பித்தார்கள். உங்கள் அப்பாவும் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கலாம்.

அந்த எளிமை முதலீடா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிட்டேன். உங்களிடம் அப்பாவின் நோட்டும் இருக்கிறது. நீங்களே பாருங்கள்.

ஒரு வேண்டுகோள். 1991 முதல் 1994 வரைக்குமான நோட்டில் எங்கள் கம்பெனி ரசீதுகள் ஏதாவது செருகியிருக்கிறதா என்று தேடுங்கள். இளமஞ்சள் தாள், உள்ளங்கை அகலம் இருக்கும். இடது ஓரத்தில் கீழே நீல மையில் ‘கொடுத்தேன்’ என்று எழுதிச் சின்னக் கையெழுத்துப் போட்டிருந்தால், அது நான் எழுதியது. அப்பா என்ன உறுப்பு கடைந்து கொடுத்தார், ஷாஃப்டா, இம்பெல்லரா? ரசீதிலேயே இருக்கும். எழுதுங்கள்.

அன்புடன்